பட்டாணியும் தற்செயலும்: தாவர இயல்புகளை எதிர்வுகூறல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

எங்கெல்ஸ் 1873 ஆம் ஆண்டு தொடக்கம் எழுதிவந்து, முற்றுப்பெறாத நிலையில் விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகள் ‘இயற்கையின் இயங்கியல்’ என்னும் பெயரில் 1925 இல் மொஸ்கோவில் முதன்முதலாக வெளிவந்தன. அவற்றுள் தற்செயலும் அவசியமும் பற்றிய பகுதியிலே பட்டாணி ஓர் எடுத்துக்காட்டாக வருகின்றது. குறிப்பிட்ட ஒரு பட்டாணிக் காயினுள் ஐந்து மணிகள் இருப்பதும், நான்கோ ஆறோ இல்லாதிருப்பதும் மாற்றமுடியாத அவசியத்தின் விளைவே என்று சாதிக்கும் பொறிமுறைவாதிகளை எங்கெல்ஸ் அங்கு எள்ளுகின்றார். யாவும் அவசியமே என்று கூறிவிடுவதனால் தற்செயல் விளக்கம் பெற்றுவிடுவதில்லை. அவசியந்தான் வெறுந் தற்செயலின் தரத்துக்கு இறக்கப்படுகின்றது என்பது அவரது வாதம். இதனை அவர் எழுதுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, அவர் எழுதிய அதே ஜேர்மன் மொழியில், பட்டாணி மணிகளை ஆயிரக்கணக்கில் எண்ணி, தற்செயலினூடாக அவசியம் தொழிற்படுமாற்றைக் காட்டிய கட்டுரையொன்று அச்சாகியிருந்தது. கிறெகர் மென்டலின் அக்கட்டுரை வெளிவந்த ஆண்டு 1866. ‘மூலதன’த்தின் முதலாம் தொகுதி வெளிவந்தது 1867 இல். மார்க்ஸ் 1883 இலும் மென்டல் அடுத்த ஆண்டின் ஜனவரியிலும் மறைந்தனர். மார்க்சோ எங்கெல்சோ மென்டலின் பெயரை அறிந்திருந்தமைக்குச் சான்று இல்லை.

இவ்விரு பட்டாணிகளுக்கும் இடையிலான உறவே எமது கட்டுரையின் பொருள். இஃது உயிரியலாளர் பேசவேண்டிய விடயம், இலக்கிய மாணவருக்கு இதில் என்ன அலுவல் என்று கேட்கப்படலாம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மார்க்சியத்தின் பெயராலேயே மென்டலின் விஞ்ஞானம் கருத்துமுதல்வாதம் என்றும் பிற்போக்கு என்றும் தீர்ப்பிடப்பட்டது. அத்தீர்ப்பு ஆய்வுகூடங்களை மூடியது. மனித உயிர்களைக் குடித்தது. மார்க்சிய முறையைத் தமது ஆய்வுமுறையாகக் கொள்வோர் எத்துறையினராயினும் இவ்வத்தியாயத்தைத் தாண்டிச் செல்லுதல் இயலாது. பகைவர்கள் அதனை எழுதட்டும் என்று விட்டுவிடுவது அறிவு நேர்மையுமன்று, அரசியல் விவேகமுமன்று.

சொல்லிலிருந்து தொடங்குவது எமது தொழிற்பழக்கம். தமிழகத்தில் மரபியல் எனப்படும் துறையினை இலங்கைப் பாடநூல்கள் பிறப்புரிமையியல் என வழங்கிவந்துள்ளன. முன்னைய சொல் இலக்கண மரபையும் குலமரபையும் நினைவூட்டுவது. பின்னையது முதிசத்தையும் உறுதிப் பத்திரத்தையும் நினைவூட்டுவது. ஐரோப்பிய மொழிகளிலும் இத்துறைக்குரிய சொற்கள் சொத்துரிமைச் சட்டத்திலிருந்தே பெறப்பட்டன. தந்தையின் காணி மகனுக்குச் சேருவதுபோலத் தந்தையின் மூக்கும் மகனுக்குச் சேருகின்றது என்னும் உவமை அச்சொற்களினுள் உறைந்து கிடக்கின்றது. இவ்வுவமை ஓரளவுக்கு மேல் எம்மை வழிதவறச் செய்வது. காணி பங்கிடப்படும்போது துண்டுபடும், தலைமுறைதோறும் சிறுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டினர் இயல்புகளையும் அவ்வாறே கருதினர்: தாயின் இயல்பும் தந்தையின் இயல்பும் பாலும் நீரும்போலக் கலந்து இடைப்பட்ட ஒன்றாகும் என்பதே பொதுநம்பிக்கை. மென்டல் உடைத்தது இந்நம்பிக்கையையே.

மென்டலை உலகறியாத துறவியாகவும், மடத்துத் தோட்டத்தில் பொழுதுபோக்காகச் செடி வளர்த்தவராகவும் காட்டும் சித்திரம் எமது பாடசாலை நூல்கள் வரை பரவியுள்ளது. அச்சித்திரம் பொய்யானது. அவர் 1822 இல், அன்று ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த சிலேசியப் பகுதியின் சிற்றூர் ஒன்றில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தந்தை தமது நிலத்தில் உழைத்ததுடன், வாரத்தில் மூன்று நாள் பிரபுவின் நிலத்திற் கூலியின்றி ஊழியஞ் செய்யும் கடப்பாடும் உடையவர். அவ்வாறான ஊழியமொன்றின்போதே மரம் விழுந்து உடல் நலிந்தார். மகனின் படிப்புக்கு இளைய தங்கை தன் சீதனத்தின் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 1843 இல் அவர் பிறுண் நகரின் அகஸ்தீனிய மடத்திற் சேர்ந்தமைக்கு வறுமையே முதற்காரணம். நிலமற்றவர்க்கும் நிலங்குறைந்தவர்க்கும் கல்விக்கான வாயில் மடமாகவே இருந்த சமூகம் அது.

அந்த மடமும் சாதாரண மடமன்று. பிறுண் அக்காலத்தில் கம்பளி நெசவாலைகள் நிறைந்த கைத்தொழில் நகரம். ஆலைகளுக்கு நுண்ணிய கம்பளி வேண்டியிருந்தது. கம்பளிக்கு நல்லினச் செம்மறிகள் வேண்டியிருந்தன. எனவே எந்தக் கிடாயை எந்த ஆட்டுடன் சேர்த்தால் எவ்வகைக் குட்டி கிடைக்கும் என்பது அங்கு இலாப நட்டக் கேள்வியாயிற்று. இமிரே பெஸ்ரெற்றிக்ஸ் என்னும் நிலவுடைமையாளர் 1819 இலேயே செம்மறிகளின் தலைமுறையுரிமைக்கு விதிகள் உண்டு என எழுதினார். மடத்தின் தலைவரான சிறில் நப் அந்நகரின் விவசாயச் சங்கத்திலும் முன்னின்றவர். 1830களில் செம்மறி வளர்ப்போர் கூடிப் பேசியபோது, எவ்வாறு வளர்ப்பது என்பதை விடுத்து, தலைமுறைக்குக் கடத்தப்படுவது எது, அது எவ்வாறு கடத்தப்படுகின்றது என்பதே கேட்கப்படவேண்டிய கேள்வி எனச் சுட்டியவர் அவரே. மென்டலை 1851 இல் வியன்னாப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைத்தவரும், மடத்திலே பயிர்க்கூடம் அமைத்துக் கொடுத்தவரும் அவரே. கைத்தொழில் முதலாளித்துவத்தின் தேவை ஒரு விஞ்ஞான வினாவை எவ்வாறு உருவாக்கிற்று என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டைத் தேடவேண்டியதில்லை.

தேவை வினாவை எழுப்பும், விடையை அளிக்காது. விடைக்கு இரு மூலங்கள் குறிப்பிடத்தக்கவை. வியன்னாவில் மென்டல் டொப்ளரிடம் பௌதிகமும், எற்றிங்ஸ்ஹவுசனிடம் பரிசோதனை முறையும், உங்கரிடம் தாவரவியலும் பயின்றார். எற்றிங்ஸ்ஹவுசன் சேர்மானக் கணிதம் பற்றி நூலெழுதியவர். மற்றைய மூலம் பலராலும் கவனிக்கப்படாதது. மடத்தில் மென்டலுக்கு மூத்தவராயிருந்த மத்தூஷ் கிளாட்செல் ஹெகலின் தத்துவத்தில் ஊறியவர். அதன் பொருட்டு ஆசிரியப் பதவியை இழந்தவர். 1848 புரட்சியின்போது துறவிகளுக்குக் குடியுரிமை கோரும் விண்ணப்பத்தை வரைந்தவர் அவர். அதில் ஒப்பமிட்டவர்களுள் இளந்துறவி மென்டலும் ஒருவர். ஹெகல் வழியாகவே மென்டல் தம் விதிகளைக் கண்டார் என்று நாம் வாதிக்கவரவில்லை. அவ்வாறு கூறச் சான்றும் இல்லை. ஆயின், பின்னாளில் இயங்கியலுக்குப் பகைவராகச் சித்திரிக்கப்பட்டவர் ஓர் ஹெகலியருடன் ஒரே மடத்தில், ஒரே தோட்டத்தில் வாழ்ந்தவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பரிசோதனைகள் 1856 முதல் 1863 வரை நடைபெற்றன. விதை வியாபாரிகளிடமிருந்து 34 பட்டாணி வகைகளைப் பெற்று, அவை தலைமுறை மாறினும் தம் இயல்பு மாறாதனவா என ஈராண்டுகள் சோதித்து, 22 வகைகளைத் தெரிந்தார். பட்டாணிப் பூ மூடிய பூ. தன் மகரந்தத்தாலேயே தான் கருக்கட்டும். அதனால் அந்நிய மகரந்தத்தின் குறுக்கீடின்றிக் கலப்புச் செய்தல் கூடும். விதையின் வடிவம், வித்திலையின் நிறம், தண்டின் உயரம் என்றிவ்வாறு ஐயத்துக்கிடமின்றிப் பிரித்தறியத்தக்க ஏழு இயல்புச் சோடிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். இத்தெரிவிலேயே அவரது மேதைமையின் பாதி அடங்கியுள்ளது எனலாம். ஒரு செடியின் ‘முழுத் தன்மை’யையும் ஒருங்கே பற்ற முயன்ற முன்னோர் எதனையும் பற்றவில்லை.

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது முதற் தலைமுறை விதைகள் யாவும் உருண்டையாகவே அமைந்தன. சுருக்கம் எங்கே போயிற்று? பாலில் நீராய்க் கரைந்துவிட்டதென்றால் அது மீளுதல் கூடாது. அவ்வுருண்டை விதைகளை நட்டுத் தம்மிலேயே கருக்கட்டவிட்டபோது அடுத்த தலைமுறையில் 5474 உருண்டை விதைகளும் 1850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன. மஞ்சள், பச்சை வித்திலைகளில் இவ்வெண்கள் 6022 உம் 2001 உம் ஆகும். இரண்டிலும் விகிதம் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. மீண்டு வந்த சுருக்கம் பழைய சுருக்கமேயாகும். உருண்டையோடு ஒரு தலைமுறை ஒளிந்து வாழ்ந்தும் அது சிறிதும் மழுங்கவில்லை.

இதற்கு அவர் தந்த விளக்கம் எளியது. ஒவ்வோர் இயல்புக்கும் செடியிடம் இரு கூறுகள் உள. ஒன்று தாய்வழி வந்தது, மற்றது தந்தைவழி வந்தது. மகரந்தமணியோ சூலோ உண்டாகும்போது இரண்டில் ஒன்று மட்டுமே அதனுட் புகும். எது புகும் என்பது தற்செயல். உருண்டைக்கூறு ஆட்சியானது, சுருக்கக்கூறு பின்னிடைவானது. கலப்புச் செடியின் புணரிகளிற் பாதி உருண்டைக்கூற்றையும் பாதி சுருக்கக்கூற்றையும் ஏந்துவதால், அவை எழுந்தமானமாகச் சேரும் நான்கு வகையில் மூன்று உருண்டையாகவும் ஒன்று சுருக்கமாகவும் தோன்றும். பின்னாளிற் கேம்பிறிட்ஜைச் சேர்ந்த பனற் இதனை நான்கு கட்டச் சதுரமாக வரைந்தார்; உயர்தர வகுப்பில் உயிரியல் பயின்றோர் யாவரும் அச்சதுரத்தை அறிவர்.

அச்சதுரத்தின் எளிமை ஒரு முக்கியமான செய்தியை மறைத்துவிடுவதும் உண்டு. மூன்றுக்கு ஒன்று என்பதைக் கண்டமை மட்டும் மென்டலின் சாதனையன்று. காணாததைக் கூறியமையே சாதனை. உருண்டையாகத் தோன்றும் விதைகள் உள்ளே ஒரேவகையின அல்ல, அவற்றில் மூன்றிலொரு பங்கு தூயன, மூன்றிலிரு பங்கு சுருக்கத்தை மறைத்து வைத்திருப்பன என்பது அவரது கொள்கையிலிருந்து பெறப்படுவது. அடுத்த ஆண்டு 565 செடிகளை வளர்த்துப் பார்த்தார்: 193 செடிகள் உருண்டை விதைகளை மட்டுமே தந்தன, 372 செடிகள் இருவகையும் தந்தன. கலப்புச் செடியைச் சுருங்கிய வகையுடன் மீளக் கலந்தால் இருவகையும் சம எண்ணிக்கையில் வரவேண்டும் என்று முன்கூட்டியே கணித்தார். ஏறத்தாழச் சமமாகவே வந்தன. தோற்றத்தைக் கடந்து அதன் அடியிலுள்ள உறவைப் பற்றுதலே விஞ்ஞானம் என்பது ‘மூலதன’த்தைப் படித்தோர்க்குப் பழக்கமான கருத்து. கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றும் உருண்டைகள் உள்ளே இரண்டாயிருத்தல் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இவ்விடத்தில் நாம் சற்றே தரித்து நிற்றல் வேண்டும். மென்டல் தமது கட்டுரையிற் பெருந்தொகைகளை மட்டும் தரவில்லை; தனிச் செடிகளின் கணக்கையுந் தந்தார். ஒரு செடியில் 45 உருண்டையும் 12 சுருக்கமும். இன்னொன்றில் 19 உம் 10 உம். கடைக்கோடி நிலைகளையும் அவர் ஒளிக்கவில்லை. ஒரு செடியில் 43 உருண்டைகளும் வெறும் 2 சுருக்கங்களும் இருந்தன. வேறொன்றில் 14 உருண்டைகளும் 15 சுருக்கங்களும்! தனிச் செடியை மட்டும் நோக்குபவன் இங்கு விதியெதனையும் காணமாட்டான். 253 செடிகளின் 7324 விதைகளையும் ஒருங்கு கூட்டிய பின்னரே விதி வெளிப்படுகின்றது. அடுத்த விதை உருண்டையா சுருக்கமா என்று மென்டலாற் கூறமுடியாது. கூறமுடியும் என்று அவர் சொல்லவுமில்லை. எதிர்வுகூறல் தொகுதியைப் பற்றியது, தனியனைப் பற்றியதன்று. தற்செயல் இங்கே விதியின் மறுப்பன்று. விதி இயங்கும் வடிவமே அது. எங்கெல்ஸ் பட்டாணிக் காயை முன்வைத்துக் கேட்ட கேள்விக்குரிய விடை இதுவேயாகும்.

டார்வின் அவ்விடையின் வாசல்வரை வந்து திரும்பினார். 1868 இல் வெளியிட்ட நூலில், வழமையான பூவும் வழமைக்கு மாறான சமச்சீர்ப் பூவும் கொண்ட இருவகை நாய்முகப் பூச்செடிகளைக் கலந்த செய்தியை அவர் கூறுகின்றார். இரண்டாந் தலைமுறையின் 127 செடிகளில் 88 வழமையானவை, 37 சமச்சீரானவை, 2 இடைப்பட்டவை. எண்கள் அவர் கையில் இருந்தன. இயல்புகள் பிரிந்து நிற்கும் கூறுகளாலானவை என்னும் கருத்து அவரிடம் இல்லாமையால், அவ்வெண்கள் அவருக்கு எதையும் சொல்லவில்லை. தரவு தானே பேசும் என்று எமது ஆய்வரங்குகளில் அடிக்கடி கூறுவோர் இதனைச் சிந்திப்பார்களாக.

மென்டல் 1865 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் பிறுண் இயற்கை விஞ்ஞானக் கழகத்தில் வாசித்த கட்டுரை முப்பத்தைந்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. மென்டல் மடத் தலைவராகி, மடங்கள் மீதான வரி தொடர்பாக அரசுடன் வழக்காடி, ஓய்ந்து மறைந்தார். 1900 இல் டி விறீஸ், கொறன்ஸ், செர்மாக் ஆகியோர் அதனை மீளக் கொணர்ந்தனர். இங்கிலாந்தில் அதன் பிரதம பிரசாரகராகத் திகழ்ந்தவர் வில்லியம் பேற்சன். மென்டலின் எண்கள் நம்பத்தகாத அளவுக்கு எதிர்பார்ப்புடன் பொருந்துகின்றன என 1936 இல் றொனால்ட் பிஷர் ஐயம் எழுப்பியதும், அதுபற்றிய வாதப்பிரதிவாதம் நெடுங்காலம் தொடர்ந்ததும் உண்மை. ஆனால் 1900க்குப் பின் பலர் பல நாடுகளில் எண்ணிப் பார்த்தும் விகிதம் மாறவில்லையாதலின் விதி அதனாற் பாதிக்கப்படவில்லை.

விதியின் பயனை முதலில் நிறுவியவர்களுள் கேம்பிறிட்ஜின் றோலண்ட் பிவன் ஒருவர். கோதுமையில் மஞ்சள் துருநோயை எதிர்க்கும் ஆற்றல் பின்னிடைவான ஓர் இயல்பு என 1905 இல் அவர் காட்டினார். இதன் பொருள் யாது? நோயெதிர்க்கும் வகையையும் நோய்க்கு ஆளாகும் வகையையும் கலந்தால் முதற் தலைமுறை முழுவதும் துருப்பிடிக்கும். விதியறியாத பயிர்வளர்ப்பாளன் முயற்சி பிழைத்ததென்று அவற்றைப் பிடுங்கி எறிவான். அறிந்தவனோ இன்னோர் ஆண்டு பொறுத்திருப்பான். நாலில் ஒரு பங்கு நோயற்று நிற்கும், அதுவும் தூய வகையாகவே நிற்கும் என்பது அவனுக்குத் தெரியும். பிவன் ருஷ்யக் கோதுமையொன்றையும் ஆங்கிலக் கோதுமையையும் கலந்து உருவாக்கிய நோயெதிர்ப்பு வகை 1910 இல் விவசாயிகளின் கைக்குச் சென்றது. இங்கு எதிர்வுகூறல் என்பது பொறுமையின் விஞ்ஞானமாகின்றது. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இப்பொறுமை முக்கியமானது.

மென்டலியம் முற்போக்காளரிடையே ஐயத்துக்குள்ளானமைக்குத் தக்க நியாயம் இருந்தது. பட்டாணிச் சதுரத்தைத் தூக்கிச்சென்று வறுமைக்கும் குற்றத்துக்கும் ‘மந்தபுத்தி’க்கும் பொருத்தியவர்கள் ஐக்கிய அமெரிக்காவில் மேலோங்கினர். கூலி போதாமையும் குடியிருப்பின் இழிநிலையும் ஈன்ற துன்பங்கள் பின்னிடைவான ஓர் அலகின் வேலையெனக் காட்டப்பட்டன. 1907 இல் இந்தியானாவில் கட்டாய மலடாக்கற் சட்டம் வந்தது. 1927 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அத்தகைய சட்டத்தை ஏற்றது. 1933 இல் நாற்சி ஜேர்மனி அதனைத் தன் அரச கொள்கையாக்கிற்று. குலத்தையும் குருதியையும் காட்டி மனிதரைத் தரம் பிரிக்கும் சமூகத்தில் வாழும் நாம் இவ்வபாயத்தை நன்கு உணர்வோம். ஆயினும் இங்கு பிழைத்தது மென்டலின் விதியன்று. விதைச்சுருக்கம் ஓர் அலகாற் பெரிதும் நிர்ணயிக்கப்படுவது. கோதுமை மணியின் சிவப்பு நிறத்துக்கே மூன்று அலகுகள் வரை வேண்டும் என்பதைச் சுவீடனின் நில்சன்-ஏலே 1909 அளவில் காட்டிவிட்டார். விளைச்சல், உயரம் போன்றன பல அலகுகளினதும் சூழலினதும் கூட்டு விளைவு. மனிதனின் வறுமையை நான்கு கட்டச் சதுரத்துள் அடைத்தவர்கள் மென்டலியத்தின் பெயரில் மென்டலியத்துக்கே மாறானதைச் செய்தனர்.

சோவியத் ஒன்றியம் இவ்வியலைத் தொடக்கத்தில் ஆர்வத்துடன் ஏற்றது. நிக்கொலாய் வவிலோவ் 1913-14 இல் பேற்சனிடமும் பிவனிடமும் பயின்றவர். லெனின்கிறாட்டில் அவர் நடத்திய நிறுவனம் உலகின் பல பாகங்களிலிருந்தும் பயிர்வித்துக்களைத் திரட்டிற்று. பயிர்களின் பிறப்பிடங்களைத் தேடி ஐந்து கண்டங்களில் அலைந்த அவர் 1929 இல் லெனின் விவசாய விஞ்ஞானக் கழகத்தின் முதற் தலைவரானார். இலெனினியப் புரட்சி விஞ்ஞானத்துக்கு வழங்கிய வாய்ப்பின் உன்னத வெளிப்பாடு அவர் என்பது எமது மதிப்பீடு.

கூட்டுப்பண்ணையாக்கமும் 1932-33 இன் பெரும் பஞ்சமும் நிலைமையை மாற்றின. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உருவாக்கப்படும் புதிய பயிர்வகைகளை நான்கைந்து ஆண்டுகளில் உருவாக்குமாறு 1931 இல் அரசாணை பிறந்தது. தலைமுறை தலைமுறையாக எண்ணிக் காத்திருக்க வேண்டும் என்றனர் வவிலோவின் பக்கத்தினர். இரண்டரை ஆண்டில் தருகின்றேன் என்றார் ட்ரொபிம் லைசெங்கோ. உக்ரேனிய விவசாயியின் மகனான லைசெங்கோவைத் தனியொரு மோசடிக்காரராக மட்டும் கண்டு அமைதியடைதல் வரலாற்று ஆய்வாகாது. பசித்த நாட்டின் அவசரத்துக்கும், திட்ட இலக்கை எண்ணிக்கையாற் காட்டவேண்டிய நிருவாகத்தின் அவசரத்துக்கும் அவரே குரலானார். அதற்குமேல், நாற்சிகளின் இனவாதத்தோடு மென்டலியத்தை இணைத்துக் காட்டுவது அவ்வேளையில் மிக இலகுவாயிற்று. அமெரிக்க இடதுசாரியும் புகழ்பெற்ற பிறப்புரிமையியலாளருமான முல்லர் மொஸ்கோவிலிருந்தபடியே 1936 இல் இனமேம்பாட்டுத் திட்டமொன்றை ஸ்ராலினுக்கு எழுதியனுப்பியமை எரிகிற வீட்டில் எண்ணெய் வார்த்தது.

எமது பொருளுக்கு மிக நெருங்கிய நிகழ்ச்சி 1939-40 இல் இடம்பெற்றது. லைசெங்கோவின் மாணவியான யெர்மொலாயெவா பட்டாணியிலேயே மென்டலின் சோதனையை மீண்டும் செய்து, செடிக்குடும்பங்களைத் தனித்தனியே எண்ணி, மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதம் குடும்பத்துக்குக் குடும்பம் பிறழ்வதால் விதி பொய்யென்று அறிவித்தார். 43 உம் 2 உம், 14 உம் 15 உம் என்று மென்டல் தாமே வெளியிட்ட பிறழ்வுகளை அவர் புதிய கண்டுபிடிப்பாகக் கருதினார் போலும். அக்கட்டுரையைக் கையிலெடுத்தவர் நிகழ்தகவுக் கணிதத்துக்கு 1933 இல் அடிப்படையிட்ட கொல்மொகோரோவ். 1940 இல் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் வெளியிட்ட சிறு கட்டுரையில் அவர் ஒரு வியப்பான உண்மையைக் காட்டினார். விதியுடன் தற்செயலும் இயங்குமாயின் குடும்பங்கள் எவ்வளவு பிறழவேண்டும், எத்தனை குடும்பங்கள் எவ்வளவு தூரம் பிறழவேண்டும் என்பதைக் கணித்தல் கூடும். யெர்மொலாயெவாவின் குடும்பங்கள் அக்கணிப்பின்படியே பிறழ்ந்திருந்தன. மென்டலை மறுக்கத் திரட்டிய தரவு மென்டலுக்குப் புதிய சான்றாயிற்று. பிறழாதிருந்தாற்றான் விதி ஐயத்துக்குரியதாகியிருக்கும்.

லைசெங்கோ அளித்த மறுமொழி, உயிரியல் விதிகளைக் கணிதச் சூத்திரங்களால் அளத்தல் தகாது என்பது. 1948 இல் அவர் விஞ்ஞானம் தற்செயலின் பகைவன் என்றே சாற்றினார். எங்கெல்சின் கையெழுத்துப் படிகள் அச்சாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆகியும், அவற்றின் பெயராற் பேசியோர் எங்கெல்ஸ் எள்ளிய பொறிமுறைவாதியின் ஆசனத்திற் சென்று அமர்ந்தனர். ஒவ்வொரு காயிலும் விதி நேரே தெரியவேண்டும் என்றனர். தெரியாவிடின் விதியே இல்லை என்றனர். எமது நோக்கில், இயங்கியலுக்கு அன்று இழைக்கப்பட்ட தீங்கின் சாரம் இதுவே.

இங்கு எமது துறையை நோக்கி ஒரு சொல். எழுத்தாளரது வர்க்கப் பிறப்பைக் கொண்டு அவர் எழுதப்போவதை முன்கூட்டியே தீர்மானிக்கும் விமரிசனம் எம்மிடையே உண்டு. சிறு உடைமையாளர் மகன், ஆகவே ஊசலாட்டம். வேளாளர் வீட்டுப் பிள்ளை, ஆகவே இவ்வளவுதான் என்று எழுதிவிடுவோர் தம்மை வரலாற்றுப் பொருள்முதல்வாதிகள் எனக் கருதுகின்றனர். வர்க்கத்துக்கும் இலக்கியத்துக்கும் இடையிலுள்ள உறவு மெய்யானது. ஒரு காலகட்டத்தின் நூறு படைப்புக்களை ஒருங்கு வைத்து நோக்கும்போது அது தெளிவாகத் துலங்கும். தனியொரு படைப்பை அதிலிருந்து உய்த்தறிய முனைவது, அடுத்த மணி உருண்டையா சுருக்கமா என்று மென்டலிடம் கேட்பதற்கு ஒப்பாகும். அப்படைப்பை வாசித்தே ஆகவேண்டும்.

கொல்மொகோரோவின் கட்டுரை வெளிவந்த அதே 1940 இன் ஆகஸ்டில், வித்துத் தேடிச் சென்ற இடத்தில் வவிலோவ் கைதானார். மறு ஆண்டு மரணதண்டனை விதிக்கப்பட்டது. பின் அது இருபதாண்டுச் சிறையாக மாற்றப்பட்டது. பயிர்கள் மூலம் மனிதகுலத்தின் பசியைப் போக்க முனைந்த அவர் 1943 ஜனவரியில் சராற்றோவ் சிறையில் உடல் மெலிந்து இறந்தார். அந்நாட்களில் அவரது நிறுவனம் இருந்த லெனின்கிறாட் நாற்சி முற்றுகைக்குள் இருந்தது. வித்துத் தொகுதியைக் காத்துநின்ற ஆய்வாளர்கள் பலர், தானிய மூடைகளின் நடுவே, அவற்றைத் தொடாது பட்டினியால் மாண்டனர். நெல்லினங்களைப் பேணிய திமித்ரி இவானோவ் அவர்களுள் ஒருவர்.

1948 ஆகஸ்டில் விவசாய விஞ்ஞானக் கழகத்தின் கூட்டம் பிறப்புரிமையியலை முற்றாக விலக்கிற்று. ஆசிரியர்கள் நீக்கப்பட்டனர், பாடநூல்கள் அகற்றப்பட்டன. பிறிட்டனில் மார்க்சியரும் பிறப்புரிமையியலாளருமான ஹோல்டேன் கட்சியை விட்டு மெல்ல விலகினார். 1957 இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, 1964 இல் புவனேஸ்வரத்திற் காலமானார். வவிலோவின் தண்டனை 1955 இல் இரத்துச் செய்யப்பட்டது. லைசெங்கோவின் ஆதிக்கம் குருஷ்சேவின் வீழ்ச்சியுடன் 1964-65 இல் முடிவுற்றது.

இனி, மென்டலின் கூறுகள் பொருளற்ற கற்பனைகள், கருத்துமுதல்வாதத்தின் ஆவிகள் என்ற குற்றச்சாட்டு. அதற்குத் தத்துவ மறுப்பு வேண்டியதில்லை. 1990 இல் இங்கிலாந்தின் நோறிச் நகரிலுள்ள ஜோன் இன்ஸ் நிலையத்தார் பட்டாணியின் சுருக்கத்துக்குரிய பரம்பரையலகைக் கண்டறிந்தனர். ஏழு இயல்புகளில் எஞ்சியிருந்தவற்றுக்குரிய அலகுகளும் இனங்காணப்பட்டமை 2025 இல் அறிவிக்கப்பட்டது. மாப்பொருளைக் கிளைவிடச் செய்யும் நொதியமொன்றை ஆக்குவதே விதை வடிவத்துக்குரிய அலகின் வேலை. சுருங்கிய வகையில் அவ்வலகின் இடையே ஏறத்தாழ 800 மூல இணைகள் கொண்ட அந்நியத் துண்டொன்று செருகிக் கிடக்கின்றது, நொதியம் தொழிற்படுவதில்லை. மாப்பொருள் குறைகின்றது, வெல்லம் மிகுகின்றது, வெல்லம் நீரை இழுத்து விதையைப் பருக்கச் செய்கின்றது. விதை காயும்போது அந்நீர் வெளியேற, தளர்ந்த தோல் மடிந்து சுருங்குகின்றது. கலப்பு விதையில் செவ்வையான எதிருரு ஒன்று இருப்பதே போதிய நொதியத்தைத் தருகின்றது. அதனாற்றான் அது உருண்டையாக இருக்கின்றது.